மழை பெய்து முடிந்ததும் அறிவிக்கப்படும்

எங்கள் அலுவலகத்தின் முகப்பில் 'மழை முன்னறிவிப்பு நிலையம்' என்று பித்தளை எழுத்துகள் பளபளக்கின்றன. ஊரில் அதற்கு 'நேத்து மழை ஆபீஸ்' என்று பெயர். காலையில் நான் சைக்கிளை நிறுத்தும்போது எதிர்க்கடை டீக்காரர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"சார், நேத்து நான் குடை எடுத்துட்டுப் போகலாமா?"

கடையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வேறென்ன செய்ய? அந்த அலுவலகத்தின் ஒரே கணிப்பாளன் நான்தான். மழை எப்போது வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் அது வந்து சேர்வதற்குள் மழை பெய்து, நின்று, தெருவில் தேங்கிய தண்ணீரும் வற்றியிருக்கும்.

காரணம், என் மேஜைமேல் இருந்த லேப்டாப். பழைய பெரிய கம்ப்யூட்டர் ஓர் இடியில் புகைந்து போனபோது, 'தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று மேலிடம் அனுப்பிவைத்தது. எங்கள் அலுவலகத்துக்குத் தற்காலிகமாக வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை, என்னையும் சேர்த்து. காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு, முகம் கழுவி, டீ குடித்து, டீக்காரரிடம் அவமானப்பட்டுத் திரும்பினால் அப்போதுதான் திரையில் வெளிச்சம் வரும். பிறகு மழைக் கணக்கை ஓடவிடுவேன். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரத் தொடங்கும். நகரும் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது வலது ஓரத்தைத் தொட மறுநாளாகும், சில சமயம் அதற்கும் மறுநாளாகும். அதுவரை உள்ளே ஹார்டு டிஸ்க் சளி பிடித்த கிழவர் மாதிரி கரகரத்துக்கொண்டே இருக்கும். நான் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன்.

கால் ஆட்டுவது அந்த லேப்டாப் எனக்குக் கொடுத்த வியாதி. சாப்பிடும்போது ஆடும், பஸ்ஸில் ஆடும், தூக்கத்திலும் ஆடுகிறதாம். "கட்டில் என்ன, தறியா? நிறுத்துங்க" என்று என் மனைவி அதட்டுவாள்.

அவளுக்கு அதட்ட உரிமை உண்டு. ஊருக்கு வெளியே, குளத்துக்கு மேற்கே, செங்கல் களம் வைத்திருக்கிறாள். மண்ணைக் குழைத்து, மர அச்சில் அடித்து, பச்சைக் கல்லை வெயிலில் காயவைத்து, பிறகு சூளையில் அடுக்கிச் சுட வேண்டும். சுட்ட கல்மேல் எத்தனை மழை பெய்தாலும் கவலையில்லை. பச்சைக் கல்மேல் அரைமணி நேரம் பெய்தால் போதும், எல்லாம் மறுபடியும் சேறு. தினமும் மூடி வைக்கலாமே என்றால், மூடினால் கல் காயாது, காயாத கல் சூளையில் வெடித்துவிடும். ஆக அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: மழை வருமா, வராதா? அதைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டவள் அவள். விதி என்பது இதுதான்.

போனில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் ஊர் மலை மறைவில் கிடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்து மழையைப் போன் எங்கள் தலையில் கொட்டும், எங்கள் மழையை அந்தப் பக்கம் அனுப்பிவிடும். அந்த மலையையும் சேர்த்துக் கணக்குப் போடுவது எங்கள் நிலையம் மட்டும்தான்.

அந்தப் பருவத்தில் அவளுடைய களம் இரண்டு முறை கரைந்துவிட்டது. இரண்டாம் முறை நான் வீட்டுக்குப் போனபோது, முழங்கால் வரை சேற்றோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஆபீஸ்லேருந்து மெசேஜ் வந்துச்சு. கனமழை வரப்போவுதாம்."

"எப்ப வந்துச்சு?"

"நான் சேத்தை வாரிக் கொட்டிக்கிட்டு இருக்கும்போது."

என் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"ஆட்டாதீங்க. சொல்றதக் கேளுங்க. நம்ம மண்ணு எடுக்கற குளம் ரொம்பி வழியப் போவுது. ரொம்பிட்டா அடுத்த வெயில் காலம் வரைக்கும் மண்ணு கெடையாது. இருக்கிற மண்ண வச்சு இன்னும் ஒரு தடவ அடிக்கறேன். அதுவும் கரைஞ்சா அச்சையெல்லாம் அடுப்புல வச்சுட்டு, ஆளுங்கள அனுப்பிட்டு, நானும் உங்க மாதிரி உக்காந்து கால ஆட்டிக்கிட்டு இருப்பேன்."

அவள் சொன்னால் செய்வாள். களத்தில் நிற்கும்போது அவள் முகத்தில் இருக்கிற அந்தத் தெளிவு வீட்டுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை. களம் போனால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளே லேப்டாப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தது என் தப்பு. உடனே 'வேக மேம்பாட்டுக் குழு' என்று ஒன்றை அமைத்துவிட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர், எங்கள் தலைமை அதிகாரி. வெள்ளைச் சட்டை கசங்கக்கூடாதென்று நாற்காலியில் சாயவே மாட்டார். இரண்டாமவர், கிடங்கு அதிகாரி. அலுவலகத்தில் ஒரு குண்டூசி இடம் மாற வேண்டுமானாலும் அவர் சம்மதிக்க வேண்டும். மூன்றாமவர், துணை அதிகாரி அம்மாள். அவருக்கு 'வழிமொழி' என்று பெயர். பணியில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டங்களில் அவர் வேறு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

நான் நின்றுகொண்டே விளக்கினேன். புரியட்டும் என்று வீட்டு உதாரணத்தையே எடுத்தேன்.

"சார், நம்ம லேப்டாப்புல ரேம் கம்மி. ரேம்னா தலைச்சுமை மாதிரி. தலையில நாலு கல்லுதான் தாங்கும்னா, மிச்சத்தக் கீழ வச்சு வச்சு எடுக்கணும். அப்படிக் கீழ வைக்கிற இடம்தான் ஹார்டு டிஸ்க். அது இன்னும் மெதுவு. அதைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி.ங்கற வேகமான டிஸ்க்க மாட்டினா பாதித் தொல்லை தீந்துடும். ரேமும் கூட்டினா மீதியும் தீந்துடும். அவ்வளவுதான் சார்."

கிடங்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க சம்சாரம் செங்கல் தொழில்தான பண்றாங்க?"

"ஆமா சார்."

"அரசாங்கக் கூட்டத்துல சொந்தத் தொழிலுக்கு விளம்பரமா?"

"உதாரணம் சார்."

"அடுத்த தடவ அரசாங்க உதாரணமாச் சொல்லுங்க. சரி, விஷயத்துக்கு வருவோம். கெட்டுப்போன சாமானத்தான் மாத்தலாம்னு விதி. உங்க டிஸ்க் கெட்டுப் போச்சா?"

"கெடல சார். மெதுவா இருக்கு."

"மெதுவா இருக்கறது கெட்டதாயிடுமா? நான்கூடத்தான் மெதுவா இருக்கேன். ஒரு கோப்பு என் மேஜைய விட்டு எந்திரிக்க ஒரு பருவம் ஆவுது. என்ன யாராவது கழட்டிட்டாங்களா? பதவி உயர்வுல்ல குடுத்தாங்க!"

பெருமையோடுதான் சொன்னார். தலைமை அதிகாரி அவரைப் பாராட்டும் விதமாகத் தலையசைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பாருங்க தம்பி, உள்ள மாட்டற சாமானால யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆய்வுக்கு வர்றவங்க ஸ்க்ரூ கழட்டியா பாக்கப் போறாங்க? வேகம்னா அது கண்ணுக்குத் தெரியணும். உள்ளுக்குள்ளயே வேகமா இருந்துட்டா, நாம என்ன வேலை செஞ்சோம்னு எப்படித் தெரியும்?"

"வழிமொழிகிறேன்" என்றார் துணை அதிகாரி.

கண்ணுக்குத் தெரியும் வேகம் அடுத்த வாரமே வந்து சேர்ந்தது. லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகை. நீல விளக்கு எரியும், சிவப்பு விளக்கு எரியும், இரண்டும் சேர்ந்து ஊதாவாகவும் எரியும். அதற்கு ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். தலைமை அதிகாரி வெட்டினார். எல்லாரும் கைதட்டினோம். விசிறிக்கு மின்சாரம் லேப்டாப்பிலிருந்தே போக வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த லேப்டாப், இப்போது விசிறிக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டியதாயிற்று. கோடு இன்னும் மெதுவாயிற்று. எனக்கு இரண்டு காலும் ஆட ஆரம்பித்தன.

மறுபடியும் போய் நின்றேன். களத்தில் என் மனைவி கடைசி மண்ணைக் குழைக்கத் தொடங்கியிருந்தாள்.

இந்த முறை கிடங்கு அதிகாரியே ஒரு யோசனை வைத்திருந்தார். பெரிய திரை. கிடங்கில் எவருக்கோ வாங்கி, எவரோ ஓய்வு பெற்றுப்போய், பிரிக்காத அட்டைப்பெட்டியில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்து, லேப்டாப்போடு கம்பியால் இணைத்தார்கள். எனக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"சார், திரை பெருசானா கணக்கு எப்படி சார் வேகமா ஓடும்?"

"பொறுமையாப் பாருங்க" என்று கிடங்கு அதிகாரி சட்டைப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். பச்சைக் கோட்டின் நுனியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார், திரையின் மேலேயே. பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைமை அதிகாரி ஒரு புறம், வழிமொழி அம்மாள் மறு புறம். மதிய மணி அடித்ததும் எழுந்து அளந்தார்.

"பழைய திரையில இதே நேரத்துல ரெண்டு விரக்கடை நகந்துச்சு. இப்ப அஞ்சு விரக்கடை! வேகம் ரெண்டு மடங்குக்கு மேல கூடிப் போச்சு சார்!"

தலைமை அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். துணை அதிகாரி அம்மாளுக்குக் கண் கலங்கியே விட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"சார், திரை பெருசு, அதனால கோடு நீளம். முடியற நேரம் அதே நாளை மறுநாள்தான சார்?"

தலைமை அதிகாரியின் முகம் சுருங்கியது.

"முடியறதப் பத்திப் பேச இந்தக் குழுவுக்கு அதிகாரம் கெடையாது. இது வேகத்துக்கான குழு. முடியணும்னா அதுக்கு நீங்க தனியா எழுதிக் குடுங்க."

"வழிமொழிகிறேன்."

அன்று மாலை அவருடைய அறைக்குத் தனியாகப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொன்னேன், என் மனைவியின் களத்தைப் பற்றி, கடைசி மண்ணைப் பற்றி. என் சொந்தச் செலவில் எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கல்மனசுக்காரர் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் கேடயங்கள்.

"இதெல்லாம் என்ன தெரியுமா? துல்லியக் கேடயம். வருஷா வருஷம் நமக்குத்தான். நாடு பூராவும் எத்தன மழை நிலையம் இருக்கு! எல்லாத்துலயும் தப்பு வரும். மழைன்னு சொல்லுவான், வெயிலடிக்கும். வெயில்னு சொல்லுவான், வெள்ளம் வரும். நம்ம நிலையத்துல இதுவரைக்கும் ஒரு தப்பு உண்டா?"

"இல்ல சார்."

"ஏன் இல்ல?"

எனக்கு மெல்ல விளங்க ஆரம்பித்தது.

"நீங்க அறிக்கை கொண்டு வர்றீங்க. நான் ஜன்னல் வழியாப் பாக்கறேன். மழை பெஞ்சிருந்தா கையெழுத்துப் போடறேன். பெய்யலன்னா திருத்தச் சொல்றேன். அதுதான் தம்பி பொறுப்பு! முன்னாடியே சொல்லிட்டு, அப்புறம் மழை வரலன்னா ஜனங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? நாம சொல்றத நம்பி எத்தன பேரு இருக்காங்க!"

"நம்பறவங்க யாரும் இல்ல சார். அதான் சார் பிரச்சினை."

"இதோ பாருங்க. உங்க சொந்தச் சாமான அரசாங்க லேப்டாப்புக்குள்ள வச்சா, பாதி லேப்டாப் உங்களுக்குச் சொந்தமாயிடும். நாளைக்கு நீங்க ரிட்டயர் ஆனா அதை எப்படிப் பாதியா அறுக்கறது? போங்க. போய்க் கோட்டப் பாருங்க. இப்ப நல்லாப் பெருசாத் தெரியுது."

நான் வெளியே வந்து, டீக்கடைக்கும் அலுவலக வாசலுக்கும் நடுவே தெருவில் நின்றேன். இத்தனை நாளும் லேப்டாப் மெதுவாக இருப்பதை எல்லாரும் சகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் அதைச் சீராட்டி வளர்த்திருக்கிறார்கள்.

விடுமுறை நாளன்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஜாரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆபீஸ் லேப்டாப்புல்ல? சீல் ஒட்டியிருக்கே சார்."

"அது கீபோர்டு ஓரத்துலதான் இருக்கு. கிடங்குக்காரர் பாக்கறவங்களுக்குத் தெரியணும்னு மேல ஒட்டியிருக்காரு. கழட்டற மூடி அடியில இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "ரேமும் போட்டுடலாமா? ஆனா இந்த மாடல்ல ரேமுக்குக் கீபோர்டையே தூக்கணும். தூக்கினா சீல் கிழிஞ்சுடும்."

"அப்ப டிஸ்க் மட்டும் மாத்துங்க. ரேம் பத்தலன்னா டிஸ்க்லதான் எறக்கி வைக்குது. அந்த எடம் வேகமானா ரெண்டுக்கும் நல்லதுதான்."

பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு மெல்லிய தகடு. நாலைந்து திருகாணிகள். இதற்குத்தானா ரிப்பனும் கத்தரிக்கோலும் என்று எனக்கு அழுகை வந்தது. களத்தில் கல் அடித்து முடித்துச் சில நாளாகியிருந்தது. அத்தனையும் வெயிலுக்கு விரிந்து கிடந்தது.

அடுத்த வேலைநாள் காலை. பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல முகம் கழுவக் கிளம்பினேன். கதவுவரைகூடப் போகவில்லை, திரையில் வெளிச்சம். கணக்கை ஓடவிட்டேன். கரகரப்பே இல்லை. பச்சைக் கோடு சரசரவென்று போனது. பெரிய திரையில் அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வலது ஓரத்தைத் தொட்டுவிட்டது.

'இன்று மாலை கனமழை.'

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையெழுத்து ஆகாத அறிவிப்பை யாரிடமும், வீட்டில்கூட, சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும். கையெழுத்து ஆகிவிட்டால் ஒரு நொடியில் ஊருக்கே மெசேஜ் போய்விடும், அவளுக்கும்தான்.

தலைமை அதிகாரி தாளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இது எந்த இன்னைக்கு?"

"இன்னைக்குத்தான் சார்."

"போன வாரத்து இன்னைக்கா?"

"இந்த இன்னைக்கு சார். இப்ப நடந்துக்கிட்டு இருக்கற இன்னைக்கு. சாயங்காலம் மழை வரும். கையெழுத்துப் போடுங்க சார்."

"வெளிய வெயிலடிக்குதே?"

"அதான் சார் முன்னறிவிப்பு!"

குரலை உயர்த்திவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பெய்யட்டும். பெஞ்சதும் போடறேன்."

அதோடு விட்டாரா? மழைக்கு முன்பே வந்துவிட்ட அறிவிப்பை, அது உண்மையாகும் வரை எங்கே வைத்திருப்பது என்று முடிவெடுக்க அவசரக் கூட்டம் கூட்டினார். கிடங்கில் வைக்கலாம் என்றால், பொருளாக இருந்தால்தான் வைக்க முடியும் என்றார் கிடங்கு அதிகாரி. கோப்பில் வைக்கலாம் என்றால், நடந்ததற்குத்தான் கோப்பு, நடக்கப்போவதற்கு ஏது கோப்பு என்றார். வழிமொழி அம்மாள் இரண்டையும் வழிமொழிந்தார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கம் ஒரு கருப்புக் கோடு தெரிந்தது. வெள்ளைச் சட்டை கசங்காமல் தலைமை அதிகாரி பேசிக்கொண்டே இருந்தார்.

எழுந்தேன். "எங்க போறீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. தாழ்வாரத்துக்கு வந்து போனை எடுத்தேன்.

"ஏம்மா, கல்ல மூடு. மழை வருது."

"எப்பப் பெஞ்ச மழை?"

"வெளையாடாத. இனிமேதான் பெய்யப் போவுது. சாயங்காலம்."

"உங்க ஆபீஸ் சொல்லுதா? உங்க ஆபீஸ் பேச்சக் கேட்டு நான் கல்ல மூட மாட்டேன். நல்ல வெயிலுங்க, இன்னைக்கு ஒருநாள் காஞ்சாப் போதும், நாளைக்குச் சூளையில ஏத்திடுவேன்."

"ஆபீஸ் சொல்லல. நான் சொல்றேன்."

மறுமுனையில் அவள் குரல் தணிந்தது.

"கால ஆட்டிக்கிட்டுச் சொல்றீங்களா?"

கீழே பார்த்தேன். கால் இரண்டும் தரையில் ஊன்றி நின்றன.

"இல்லம்மா. ஆடல."

"வையுங்க போன" என்றவள், வைப்பதற்கு முன்பே ஆட்களைக் கூவிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நான் சைக்கிளில் களத்தை எட்டுவதற்கும் முதல் துளி என் நெற்றியில் விழுவதற்கும் சரியாக இருந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன், ஒரு முனையை அவள். ஆட்கள் கல்லை வாரி வாரிச் சூளைக்கூரைக்கு அடியில் சேர்த்தார்கள். காற்று தார்ப்பாயோடு எங்களையும் தூக்கப் பார்த்தது. மேற்கு வரிசைகளை மூடிவிட்டோம். கிழக்குப் பக்கம் போவதற்குள் வானம் பிளந்துகொண்டது. கண்ணெதிரே அந்த வரிசைகள் மூலை மழுங்கி, உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தரையோடு தரையாகப் போயின.

முக்கால்வாசி தப்பித்துவிட்டது. களமும் தப்பித்துவிட்டது. அவள் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்குத் தெரியும் உங்களுக்கு?"

"மதியமே."

"அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"கூட்டத்துல இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிழக்கு வரிசைப் பக்கம் போய்ச் சேற்றை வார ஆரம்பித்தாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் விசாரணை. தாழ்வாரத்தில் நான் போனில் பேசியது கூட்டத்துக்கே கேட்டிருக்கிறது, டிஸ்க்கை மாற்றியதையும் ஒப்புக்கொண்டேன். குற்றச்சாட்டு: மழைக்கு முன்பாகவே மழையை அறிவித்தல். தலைமை அதிகாரி உண்மையிலேயே மனம் நொந்துபோயிருந்தார்.

"இவரு பண்ண காரியத்தோட விபரீதம் யாருக்காவது புரியுதா? தப்பாச் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். சரியாச் சொல்லிட்டாரு! இப்ப ஜனங்க என்ன கேப்பாங்க? முன்னாடியே சொல்ல முடியும்னா இத்தன நாளா ஏன்டா சொல்லலன்னு கேப்பாங்களா, மாட்டாங்களா? இத்தன கேடயத்துக்கும் ஒரே நாள்ல கரி பூசிட்டாரே!"

"வழிமொழி..." என்று ஆரம்பித்த துணை அதிகாரி அம்மாள், எதை வழிமொழிகிறோம் என்ற சந்தேகம் வந்தவர்போல முதல்முறையாகப் பாதியில் நிறுத்தினார்.

வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் காரணம் எழுத வேண்டும், காரணத்தை எழுதினால் வெளியே தெரிந்துவிடும். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, தலைமை அதிகாரியின் பீரோவில் பூட்டினார்கள். குழு கூடித் தீர்மானித்தாலொழிய முத்திரையை உடைக்கக் கூடாது என்று உத்தரவு. பழைய ஹார்டு டிஸ்க் தன் இடத்துக்குத் திரும்பி வந்து இரும ஆரம்பித்தது. எனக்குக் கேடயங்களைத் துடைக்கும் கூடுதல் பொறுப்பு. பிறகு ஆய்வுக்கு வந்தவர் பெரிய திரையின் முன் நின்று, "கோடு என்ன போடு போடுது!" என்று வியந்துவிட்டுப் போனார். அந்த வருஷக் கேடயமும் எங்களுக்குத்தான்.

மீந்த கல்லை என் மனைவி சுட்டெடுத்தாள். நன்றாகச் சிவந்து, தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கிற கல். அடுத்த வெயிலுக்கு மண் எடுக்கவும் ஆட்களிடம் சொல்லிவைத்துவிட்டாள்.

போன வாரம் ஒரு மாலை. அவள் களத்திலிருந்து வந்து தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தாள். மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று அடித்தது. போன் ஒலித்தது. தலைமை அதிகாரி. குரலில் அந்த வெள்ளைச் சட்டை விறைப்பே இல்லை. அவள் கைவேலையாக இருந்ததால், அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, சொந்த விஷயம். புது வீட்டுக்கு நாளைக்கு மாடித் தளம் போடறோம். கலவை மெஷினு, ஆளு, கம்பி, எல்லாம் வந்து எறங்கிடுச்சு. காத்து ஒரு மாதிரியா இருக்கு. மழை வருமா?"

"கோடு ஓடிக்கிட்டு இருக்கு சார்."

"எப்ப முடியும்?"

"நாளை மறுநாள் சார். துல்லியமாச் சொல்லிடும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தச் சாமான மாட்டினா?"

"அது உங்க பீரோவுல இருக்கு சார். முத்திரைய உடைக்கணும்னா குழு கூடணும். கிடங்கு சார் லீவு."

"அட, கடவுளே... சரி, உங்க வீட்டம்மாகிட்ட பெரிய தார்ப்பாய் இருக்குன்னு சொன்னீங்களே. நாளைக்கு ஒருநாளைக்கு அதையாவது குடுக்கச் சொல்லுங்களேன். தளம் நனைஞ்சுதுன்னா மொத்தமும் போயிடும் தம்பி. எங்க வீட்டுல யாருக்கும் தூக்கமே இல்ல."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தார்ப்பாயைக் கடைசி மடிப்பும் மடித்து, அதன்மேலேயே உட்கார்ந்து, போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தாராளமா எடுத்துக்குங்க சார். மழை பெஞ்சு முடிஞ்சதும் ஆள அனுப்புங்க, குடுத்து விடறேன்."